ஊதல் கதை எழுத வருகிறீர்களா? கணக்கையும் காசையும் முதலில் பார்த்துவிடுங்கள்

ஒரு மனிதரின் உடம்புக்குள் காற்றோ நீரோ ஏறி, அவர் உருண்டு திரண்டு பெருத்துப்போகிற கற்பனைக் கதைகளுக்கென்றே ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இது பல காலமாக நடக்கிறது. வாசகர்களுக்குள் எழுதிவைக்காத சட்டதிட்டங்களும் உண்டு. தமிழில் எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பினாங்கில் இருந்துகொண்டு நான் ஆரம்பித்தபோது கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லிக்கொள்கிற பொழுதுபோக்கும் இல்லை இது. கைவிட்டுப் போன காசு 430 ரிங்கிட். பெயர் வெளியே தெரிந்ததில் போன தூக்கத்துக்குக் கணக்கு கிடையாது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன், முதலில் எழுத்து. இந்த வகையில் காமக் கதைகளும் உண்டு. நான் எழுதுவதும் இங்கே பேசுவதும் சிரிப்பு, மாயம், கொஞ்சம் திகில், அவ்வளவுதான்.

முதல் வரி எழுதுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, உள்ளே போவது என்ன என்பதை. நம் ஆட்களுக்கு இதைப் புரியவைக்க எண்வகைச் சித்திகளே போதும். மகிமா என்றால் பெருப்பது, இலகிமா என்றால் இலேசாவது, கரிமா என்றால் கனப்பது. ஹீலியம் ஏறினால் மகிமாவும் இலகிமாவும் சேர்ந்து வரும். தண்ணீர் ஏறினால் மகிமாவோடு கரிமா. வெறும் காற்று ஏறினால் மகிமா மட்டும்தான், எடை இருந்தபடியே இருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றையும் கலந்துவிடுகிறார்கள். காற்று நிரப்பிய ஆள் இரண்டாம் பக்கத்தில் கூரையில் முட்டுவார், நாலாம் பக்கத்தில் அவரை நகர்த்த ஆறு பேர் வேண்டியிருக்கும். இந்த வகைக் கதையை விரும்பிப் படிக்கிறவர்கள் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். மாயத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நம்புவார்கள், மாயத்துக்குள் கணக்கு தப்பினால் பொறுக்கமாட்டார்கள்.

கணக்கு பெரிய கணக்கில்லை. நம்மூர் வெயிலில் ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராமைத் தூக்கும். 60 கிலோ ஆளைத் தரையிலிருந்து கிளப்ப 60,000 லிட்டர் வேண்டும். அதை ஒரே உருண்டையாக வைத்தால் குறுக்களவு 5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 அடி அகல லிங்க் வீட்டின் (வரிசை வீட்டின்) கூடத்தில் அகலத்துக்கு அடங்கும், உயரத்துக்கு அடங்காது, மேல்மாடித் தளத்தைப் பெயர்த்துக்கொண்டுதான் வர வேண்டும். பிறந்தநாள் பலூனில் சொன்னால் நாலாயிரத்துக்கும் மேல். மாறாக, வயிறு 120 செண்டிமீட்டர் குறுக்களவுக்கு உருண்டிருக்கிறது, உள்ளே முழுக்க ஹீலியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு சுமார் 905 லிட்டர், தூக்கும் சக்தி ஒரு கிலோகூட இல்லை. அவர் 59 கிலோ ஆளாகத் தரையில் நிற்பார். ஆகவே மிதக்கும் காட்சி வேண்டுமென்றால் உங்கள் வாயு நிஜ ஹீலியம் இல்லை, ஏதோ மந்திர வாயு என்று மூன்றாம் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இன்னொன்று, ஹீலியம் வயிற்றுக்குள் இருந்தால் குரல் கீச்சென்று ஆகாது. தொண்டை வழியாக வெளியே வரும்போதுதான் ஆகும்.

தண்ணீர்க் கதையில் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒரு மீட்டர் குறுக்களவு உருண்டைக்கு 524 லிட்டர், அதாவது அரை டன்னுக்கு மேல், ஒரு மைவி காரில் சரிபாதி. அந்த ஆள் எழுந்து ஓடுவதாக எழுதாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே கதையை நடத்துங்கள், நாற்காலி என்ன ஆகிறது என்று பாருங்கள், அதில் எவ்வளவோ கிடைக்கும். காற்றுக் கதையில் வேறு விளையாட்டு. 60 கிலோ ஆள் 500 லிட்டர் பருமனாகி, பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் கடலுக்குள் இறங்கினால் எட்டில் ஒரு பங்குதான் நீருக்குள் போகும். மூழ்கவும் முடியாது, நீந்தவும் முடியாது. கடற்காற்று தள்ளிய பக்கம் போக வேண்டியதுதான். என்னைக் கேட்டால் மூன்றில் காற்றுதான் எழுத ஆரம்பிக்கச் சுலபம், சிரிப்பும் அதில்தான் அதிகம்.

அடுத்தது வேகம். கதை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் உள்ளே போகிறது, 30 செண்டிமீட்டர் உருண்டையில் ஆரம்பிக்கிறீர்கள். அது 60 ஆவதற்குப் பத்து நிமிடம் ஆகும். 60லிருந்து 90க்கு 27 நிமிடம், 90லிருந்து 120க்கு 52 நிமிடம். ஒவ்வொரு தடவையும் கூடுவது அதே 30 செண்டிமீட்டர்தான், ஆனால் எடுக்கும் நேரம் ஏறிக்கொண்டே போகிறது. காரணம், குறுக்களவு இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு. ஆனால் நாம் எழுதும்போது கை பரபரக்கும், போகப்போக வேகம் கூடினால்தான் பரபரப்பு என்று தோன்றும். வேகம் கூட வேண்டுமென்றால் வரும் வழியைப் பெரிதாக்குங்கள், குழாய் மாறட்டும், மந்திரம் இரட்டிக்கட்டும். இல்லையென்றால் இயற்கை போக்கிலேயே விட்டுவிட்டு, முதல் பத்து நிமிடத்தில் ஆளைத் திடுக்கிட வையுங்கள், பிறகு மெதுவாக நகரும் நேரத்தில் பேச்சு, பயம், யோசனை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது எல்லாவற்றையும் நுழையுங்கள். மெதுவாகப் பெருக்கிற நேரம்தான் பாத்திரங்கள் பேசிக்கொள்கிற நேரம்.

பெருக்கத்தை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது என்பதற்கு, இராமாயணத்தில் அனுமனை விழுங்க வாய் திறக்கும் சுரசை வரும் கட்டத்தைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. வான்மீகியில் அனுமன் பத்து யோசனை வளர்கிறான், அவள் இருபது வாயைத் திறக்கிறாள், அவன் முப்பது, அவள் நாற்பது என்று போய், அவள் நூறுக்கு வரும்போது அவன் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி உள்ளே புகுந்து வெளியே வந்துவிடுகிறான். ஒருவர் மட்டும் பெருத்துக்கொண்டே போனால் கேட்கிறவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று ஏறிக்கொண்டே போக வேண்டும், உச்சியில் எதிர்பாராத திசையில் திரும்ப வேண்டும். உங்கள் கதையில் எதிர்ப்பக்கம் என்பது ஒரு கதவாக இருக்கலாம், கல்யாண மண்டபத்தில் காத்திருக்கும் சொந்தக்காரர்களாக இருக்கலாம், மாட்டியிருக்கும் சட்டையாகவும் இருக்கலாம்.

சட்டை என்றதும் எல்லாரும் பொத்தானைத் தெறிக்கவிடுவார்கள். அதை விடுங்கள், படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அதோடு "பலூன் மாதிரி", "பூரி மாதிரி" இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு பழைய வரைவிலிருந்து எடுத்துக்காட்டுகிறேன். "பெரியப்பாவின் வயிறு உப்பியது. மேலும் உப்பியது. பலூன் மாதிரி பெரிதாகிக்கொண்டே போனது." இதில் வாசகருக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய ஜாமு என்கிற மூலிகை மருந்தைக் குடித்துவிட்டு அதே பெரியப்பா இப்படி வரட்டும்:

"பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மணிக்கட்டில் வார் அழுந்திய தடம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடம் நிரம்பி மறைந்தது.
'என்ன பெரிப்பா, வேர்க்குதா?'
'வேர்வை இல்லடா. கைலி என்னமோ புடிக்குது.'
எழுந்து அவிழ்த்து மறுபடி கட்டினார். எப்போதும் முழத்துக்கு மேல் விழும் மடிப்பு இன்று முழம்கூட வரவில்லை. கைலி சுருங்கிவிட்டது என்று பெரியம்மாவைத் திட்டினார்."

இங்கே உப்பியது என்ற பேச்சே இல்லை. கைலியின் சுற்றளவு ஏறக்குறைய 80 அங்குலம். இடுப்பு 36 என்றால் மிச்சம் 44, ஒரே மடிப்பாகப் போட்டால் 22 அங்குலம் விழும். மடிப்பு 17க்கு வந்துவிட்டால் மிச்சம் 34, இடுப்பு 46. பத்து அங்குலம் ஏறியது அவருக்கே தெரியவில்லை, படிக்கிறவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவர் தெரிந்துகொள்ளப் போகும் நொடிக்காகத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். கைலி எண்பது அங்குலம்வரை தாங்கும், பிறகு மடிப்பே இருக்காது, அவிழவும் செய்யாது, அப்போதுதான் இறுக்கம் ஆரம்பம். சேலையோ ஐந்தரை மீட்டர், சுற்று குறைந்துகொண்டே போகும், கொசுவம் முதலில் காலியாகும், மாட்டிக்கொள்வது ரவிக்கைதான். ரவிக்கைக் கொக்கி பொத்தான் மாதிரி பறக்காது, வளைந்து நிமிரும், அல்லது அது மாட்டியிருக்கும் நூல் வளையம் அறும். தையல்காரர்கள் பிற்பாடு பிரித்துவிடுவதற்காக உள்ளே விட்டுவைக்கும் துணி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு எழுதினால், தையல் பிரிகிற சத்தத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது தானாக வரும். மோதிரம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வலிக்கும், அதை மறக்காதீர்கள்.

அளவு சொல்லும்போது ஒரு வம்பு இருக்கிறது. எறும்பும் தன் கையால் எண்சாண் என்பார்கள். உடம்பு முழுவதும் ஒரே விகிதத்தில் பெருத்தால் அவர் சாண் போட்டு அளந்தால் அதே எட்டுச் சாண்தான் வரும். ஆகவே பெருக்காத பொருள் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், கதவு நிலை, பிளாஸ்டிக் நாற்காலி, மாமாக் கடை மேசை, எதுவானாலும் சரி. ஒரே பொருளைக் கதை முழுக்க வைத்திருப்பது நல்லது. மூன்றடிக் கதவில் முதல் தடவை நேராகப் போனார், இரண்டாவது தடவை பக்கவாட்டில் போனார், மூன்றாவது தடவை கதவுக்கு வெளியே நின்றே தேநீர் வாங்கிக் குடித்தார் என்றால் எண்ணே தேவையில்லை.

சத்தமும் தொடுகையும் இல்லாமல் வெறும் கண்ணால் எழுதினால் கதை பாதிதான். நல்ல வேளையாக நமக்கு உறுமி இருக்கிறது. உறுமி மேளம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம், வளைந்த குச்சி தோலில் உராயும்போது வருகிற அந்த முனகல்தான் இறுகிய தோலின் சத்தம். இறுக்கம் ஏற ஏறச் சத்தம் உயரும், தவிலில் வார் பிடித்து ஏற்றுவதைப் பார்த்திருந்தால் போதும். மருத்துவர் வயிற்றில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பதும் இதற்குத்தான், காற்று இருந்தால் மத்தளம் போல ஒலிக்கும், நீர் இருந்தால் மந்தமாக இருக்கும். தட்டல் ஒலி ஒன்றை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்லிவிடலாம். இறுக்கம் எப்படி ஏறும் என்பதற்கும் முறை உண்டு. ரப்பர் பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கடினம், நடுவில் சுலபமாகப் போகும், கடைசியில் மறுபடி விறைக்கும். கதையிலும் முதலில் கொஞ்சம் வலி, நடுவில் ஒரு சுகமான மந்தம், முடிவில் பயம் என்று வைத்தால் உடம்பு நிஜ உடம்பாகத் தெரியும். உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தாலும் உருண்டை பெரிதாகப் பெரிதாகத் தோலில் இழுவிசை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்ன உருண்டை தாங்கியதைப் பெரிய உருண்டை தாங்காது.

இடம் சும்மா பின்னணிக்கு வேண்டாம், வேலை செய்யட்டும். கெந்திங் மலைக்குக் கேபிள் காரில் போனவர்களுக்குப் பையிலிருக்கும் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொண்டது தெரியும். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே அடைபட்ட வாயு தடையில்லாமல் விரிந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். ஆனால் அதைச் சுற்றளவில் பார்த்தால் ஏழு விழுக்காடுதான், 40 அங்குல இடுப்பு 43க்குப் பக்கத்தில் வரும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கிற ஆளுக்கு அந்த மூன்று அங்குலம் போதும், கதை நகர்ந்துவிடும். பினாங்குக் கொடிமலையின் மிக உயர்ந்த முனையே 833 மீட்டர்தான், ரயில் நிற்கும் இடம் அதற்கும் கீழே, அங்கே கொள்ளளவு பத்து விழுக்காடுகூடக் கூடாது. ரயிலில் ஏறும்போது லேசாக அசௌகரியம், இறங்கும்போது சரியாகிவிடும். ஒரு சின்ன நகைச்சுவைக் கதைக்கு அது அளவான மலை.

இனி ஆட்கள் மனசு. வீங்குவது என்ற சொல்லை நான் தொடுவதில்லை. நம் வீடுகளில் சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ் என்று யாராவது ஒருவர் இருக்கிறார்கள், அந்தச் சொல் நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். பருத்தது, திரண்டது, விம்மியது, புடைத்தது என்று இடத்துக்கு ஒன்று இருக்கிறது, நரம்புக்குப் புடைப்பு, கன்னத்துக்கு உப்பல். உடல் பருமனாக இருப்பவரைக் கேலி செய்கிற வரி வேண்டவே வேண்டாம். கல்யாண வீட்டில் "என்ன ஊதிட்ட" என்று கேட்கிற அத்தைகள் போதும், கதையிலும் அவர்கள் வர வேண்டாம். வந்தாலும் மாட்டிக்கொள்கிற பக்கம் அத்தையாக இருக்கட்டும்.

கதையின் தலைக்கு மேல் ஒரு அறிவிப்பு வையுங்கள். இந்த வாசகர்கள் எதற்குச் சண்டை போடாவிட்டாலும் வெடிப்புக்குச் சண்டை போடுவார்கள். கடைசியில் வெடிக்க வேண்டும் என்கிறவர்கள் ஒரு பக்கம், வெடித்தால் படிக்கவே மாட்டேன் என்கிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் ஆள் இல்லை. நான் வைப்பது இப்படி: "காற்று. முழு உடம்பு. மெதுவாக ஏறும். வெடிப்பு இல்லை. முடிவில் பழைய உருவம். எல்லாரும் 18 வயதுக்கு மேல்." இரண்டு வரிதான், பாதித் திட்டு குறைந்துவிடும். வயது விஷயத்தில் பேரம் இல்லை, சிறுவர் சிறுமியர் இந்த வகைக் கதையில் வரவே கூடாது, பள்ளிச் சீருடை வாசம்கூட வேண்டாம். நிஜ நடிகர், பாடகர், பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம். பட்டறைக் கம்ப்ரசர், ஹீலியம் சிலிண்டர் என்று நிஜக் கருவிகளை உடம்போடு இணைக்கிற வழிமுறை எழுதாதீர்கள். அழுத்தக் காற்று குடலைக் கிழித்துவிடும், விளையாட்டாகச் செய்யப்போய் இறந்தவர்கள் உண்டு. சிலிண்டரிலிருந்து நேரே மூச்சிழுத்தாலும் உயிர் போகலாம். ஜாமு, சாபம், விசித்திரப் பழம் என்று போங்கள், யாரும் செய்து பார்க்க முடியாது. சாமி, காவடி, மற்ற இனத்தார், மதத்தார் சம்பந்தப்பட்ட எதையும் இந்தச் சிரிப்புக்குள் இழுக்காதீர்கள். மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இணையத்தில் ஆபாசமானதும் கடுமையாகப் புண்படுத்துவதும் போடுகிறவர்கள் மீது பாயும். காமம் கலக்காமல் எழுதுவதற்கு எனக்கு ரசனை ஒரு காரணம், இது மறு காரணம்.

இனி காசுக் கதை. கொஞ்சம் பெயர் வந்ததும் கேட்டு எழுதச் சொல்லுகிறவர்கள் வருவார்கள். அப்படி ஒருவர், உள்நாட்டு ஆள், 5,000 சொல் கதை கேட்டார். சொல்லுக்கு எட்டு சென் என்று 400 ரிங்கிட் பேசினோம். முன்பணம் 150 வந்தது. அட்டைப்படமும் வேண்டும், கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார், ஓவியருக்கு 180 என் கையிலிருந்து போனது. முழுக் கதையும் போய்ச் சேர்ந்த பிறகு பதில் நின்றது. சில வாரம் கழித்து அதே கதை, அதே படம், வேறொருவர் பெயரில் மின்னூலாக விலைக்கு இருந்தது. கதையில் பெரியப்பா பேசுகிற பேச்சு என் வீட்டுப் பேச்சு, அதை இன்னொருவர் பெயருக்குக் கீழே படித்தபோது வந்த ஆத்திரத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. என்ன கதை என்று கேட்பார்களே.

உரிமை எனதுதானே என்று சட்டத்தைப் புரட்டினால் அங்கே வேறு இருந்தது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த உடனேயே உரிமை பிறந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அதன் 26ஆவது பிரிவு, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை சொல்லிச் செய்வித்தவருக்கு மாறியதாகவே கொள்ளும், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில். அமெரிக்கக்காரர்கள் எழுதிய அறிவுரைகளில் இது இப்படி இருக்காது, அவற்றைப் படித்துவிட்டு இங்கே நிம்மதியாக இருக்க முடியாது. தீர்வு ஒரே வாக்கியம்தான். முன்பணம் வாங்குமுன், எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி: "பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கும், கேட்டவர் தனிப்பட்ட முறையில் படிக்கலாம், விற்கவோ வேறு பெயரில் வெளியிடவோ கூடாது." விற்கும் உரிமையும் வேண்டும் என்றால் விலை வேறு, முழுப் பணமும் கையில் வந்த பிறகே உரிமை மாறும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டதைப் படமெடுத்து வையுங்கள். ஓவியரிடம் படம் வாங்கும்போது இதே பிரிவு உங்கள் பக்கம் சாயும், அவருக்கும் அதைச் சொல்லிவிட்டுப் பேசுவதுதான் மரியாதை.

பணத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். கதைச் சுருக்கம் ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, பாதிக் கதை காட்டியதும் ஒரு பங்கு, மீதி வந்த பிறகே முடிவுப் பகுதி. இந்த வகைக் கதையில் முடிவுக்காகத்தான் காத்திருப்பார்கள், அதைக் கையில் வைத்திருப்பதே உங்கள் அடமானம். படச் செலவு முழுக்க முன்பணம். 5,000 ரிங்கிட்வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறுவழக்கு நடைமுறை இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். நான் போகவில்லை. சொந்தப் பெயரில் மனு போட வேண்டும், சாட்சியமாகக் கதையை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். கைலி மடிப்புக் கணக்கை நீதிமன்றத்தில் படிக்க விடுவதைவிட 430 ரிங்கிட் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பணத்தைவிடப் பெரிய அடி பெயர். புனைபெயரில் எழுதினாலும் டுயிட்நௌ என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் காசு வாங்கினால், அனுப்புகிறவர் உங்கள் தொலைபேசி எண்ணைத் தட்டியதுமே வங்கியில் இருக்கிற முழுப்பெயர் அவர் திரையில் வந்துவிடும். எனக்கு அப்படித்தான். மிச்சப் பணத்தைக் கேட்டு நெருக்கியபோது அந்த ஆள் கதையின் முதல் பக்கத்தையும் என் பெயரையும் சேர்த்து ஊர்க்காரர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். பினாங்கில் தமிழர் வட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியுமல்லவா, ரெண்டு நாளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. அண்ணி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இது நீங்களா எழுதினது? பெரியப்பா வர்ற இடம் நல்லாதான் இருக்கு" என்றார். மற்றவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள், அது இன்னும் கஷ்டம். கொஞ்ச நாள் எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனிநபர் வணிகமாகப் பதிந்துகொண்டால், வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட், அந்தப் பெயரில் கணக்குத் திறந்து கியூஆர் குறியீடு வாங்கலாம், காசு அனுப்புகிறவர் வணிகப் பெயரைத்தான் பார்ப்பார். சொந்தப் பெயரிலேயே பதிவது 30தான், ஆனால் அதனால் இந்த வேலைக்குப் பலன் இல்லை. முழு மறைப்பு என்றும் நினைக்க வேண்டாம், கட்டணம் கட்டினால் எந்த வணிகத்தின் உரிமையாளர் யார் என்று எஸ்எஸ்எம்மில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். சும்மா கோபத்தில் இருக்கிற வாசகர் அவ்வளவு தூரம் போகமாட்டார், அதுவரைக்கும் லாபம். வணிகப் பெயரில் ஊதல், உருண்டை, பலூன் எதுவும் வேண்டாம், வங்கிக் கவுண்டரில் உரக்கப் படிப்பார்கள்.

வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். கணினி வாங்கியபோது பதிந்த பெயர் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் என்று உட்கார்ந்திருக்கும். அனுப்புமுன் ஆவண ஆய்வு என்ற வசதியை ஓட்டி நீக்குங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்கி அதன் பண்புகளையும் திறந்து பாருங்கள். எழுதியதெல்லாம் ஒரு தளத்தின் கணக்கில் மட்டும் இருக்கக் கூடாது. இந்த வகைக் கதையை யாராவது புகார் செய்தால் விசாரிக்காமலே கணக்கைப் பூட்டிவிடுகிற இடங்கள் உண்டு, வாசகர் கருத்துகள் உட்பட எல்லாம் போய்விடும். கதை ஒரு யுஎஸ்பியில், இன்னொன்று மின்னஞ்சலில், தேதியோடு. யார் முதலில் எழுதினார்கள் என்ற பேச்சு வந்தால் அந்தத் தேதிதான் பேசும், இன்னும் பலமாக வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில், இது என் படைப்பு என்று தன்விருப்ப அறிவிப்புச் செய்துவைக்கலாம், 2012 முதல் அந்த வசதி இருக்கிறது. அதிலும் உண்மைப் பெயர் கேட்பார்கள், யோசித்துச் செய்யுங்கள்.

விலை கேட்டு வருகிற முதல் ஆள் மாதிரிக்கு ஒரு பக்கம் இலவசமாக எழுதிக் காட்டச் சொல்வார். ஏற்கெனவே வெளியிட்ட கதையின் சுட்டியைக் கொடுங்கள், புதிதாக ஒரு வரியும் வேண்டாம். அவர் கேட்கிற கதையில் ஆள் எப்படிப் பெருக்க வேண்டும், எதனால், எங்கே நிற்க வேண்டும், வெடிப்பா இல்லையா என்ற நாலு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லாதவர் பணமும் தரமாட்டார்.